பின்லாந்துல கடலுக்குள்ளேருந்து நிலம் மேல வர்ற ஊரு

பின்லாந்தோட மேற்குக் கரையில வாசா நகரம் இருக்கு, அதுக்குப் பக்கத்துல 1045 மீட்டர் நீளப் பாலத்தத் தாண்டினா ரெப்லாட் தீவு, இன்னும் வடக்க போனா பியோர்க்கோபி, ஸ்வீடிஷ் பேசுறவங்க இருக்குற சின்ன மீன்பிடி கிராமம். இங்க நிலம் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் உயருது. என்னடா இது ஒரு நெல்லு மணி அளவு கூட இல்லையேன்னு தோணும், ஆனா இங்க கடல் ஆழமே இல்லாம தட்டையா கிடக்கு, அதனால நிலம் கொஞ்சம் ஏறினாலே தண்ணி ரொம்ப தூரம் பின்வாங்கிடும்.

காரணம் பழைய பனி. கடைசி பனியுகத்துல இந்தப் பகுதி மேல 3 கிலோமீட்டர் தடிமன் வரைக்கும் பனிப்பாளம் இருந்துச்சு, அந்த வெயிட்டுல தரையே கீழ அமுங்கிப் போச்சு. பூமியோட மேலோட்டுக்கு அடியில இருக்குற மேன்டில் பாறைதான், ஆனா ஆயிரக்கணக்கான வருஷ அழுத்தத்துக்கு அது தார் மாதிரி மெதுவா நகரும், அமுங்கின இடத்துலேருந்து பக்கவாட்டுல ஒதுங்கிடும். பனியோட அடர்த்தி மேன்டில்ல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, அந்தக் கணக்குல 3 கிலோமீட்டர் பனி தரைய ஏறக்குறைய 800 மீட்டர் அமுக்கும்! சுமார் 10,000 வருஷம் முன்னாடி பனி உருகிடுச்சு, ஆனா ஒதுங்கிப் போன மேன்டில் இன்னும் திரும்பி வந்துக்கிட்டே இருக்கு, தரையும் கூடவே எழும்புது. உலகம் பூரா கடல்மட்டம் ஏறிட்டு இருக்கும்போதும் இங்க நிலம்தான் இன்னும் ஜெயிக்குது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

கிராமத்துல போய் நின்னா கண்ணாலயே பாக்கலாம். ஸ்வெட்யஹாம்ன் படகுத்துறை பக்கத்துல பூட்வாட்னட்னு ஒரு ஏரி, முன்னாடி அது கடலோட குடா, வாய்ப்பகுதி மேடாகி அடைபட்டு உப்பும் கொறஞ்சு ஏரியாயிடுச்சு. கரையில பழைய மரப் படகுக் கொட்டகைங்க அப்படியே நிக்குது. படகு போற வழிய அப்பப்போ தூர் வாரணும், இல்லன்னா தட்டிடும்.

குவார்கன்னு சொல்ற இந்தத் தீவுக்கூட்டத்த 2006ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. புதுசா வர்ற நிலம் யாருக்குன்னா, அந்தத் தண்ணிப் பரப்பு யாருதோ அவங்களுக்குத்தான், பெரும்பாலும் கிராமத்துக்காரங்களோட கூட்டுச் சொத்து, அதனால கரை தள்ளிப்போன வீட்டுக்காரர் வாசல் முன்னாடி வந்த புல்வெளிய வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கணும்.