ராத்திரி பூசிய நீலம் காலையில் ஏன் கருத்தது?

ராத்திரி கேன்வாஸில் பூசிய நீலம் காலையில் ஒரு படி கருத்திருக்கும். அக்ரிலிக்கில் புதிதாக வரைகிறவர்கள் திகைக்கும் இடம் இது. நானும் திகைத்தேன். கலவையில்தான் தப்பு என்று நினைத்து, மேலே வெளிர்நீலம் பூசிப் படத்தையே கெடுத்துக்கொண்டேன். உண்மையில் கலவையில் தப்பே இல்லை.

அக்ரிலிக் பெயின்ட் ஒரு வகைப் பால் மாதிரி. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல இதில் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகைப் பொருளின் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 0.1 மைக்ரான், ஒரு தலைமுடியின் அகலத்தில் பல நூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம். அவற்றுக்கென்று நிறம் கிடையாது. ஆனால் நீரும் பாலிமரும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. அதனால் துகளின் விளிம்பில் படும் ஒளி நாலாபக்கமும் சிதறி வெண்மையாகத் தெரிகிறது. அந்த வெண்மையும் சேர்ந்ததுதான் நாம் கலவைத் தட்டில் பார்த்த நீலம்.

நீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்குகின்றன. முதலில் மூட்டையில் கட்டிய நெல்லிக்காய் மாதிரி, இடையிடையே சந்து இருக்கும். மிச்சமிருக்கும் நீர் அவற்றை இன்னும் இழுக்கிறது. பிசைந்த மாவு உருண்டைகளைச் சின்னப் பாத்திரத்தில் திணித்தால் பக்கங்கள் தட்டையாகி ஒட்டிக்கொள்ளுமே, அதேதான் இங்கும். கடைசியில் நீளமான பாலிமர் சங்கிலிகள் எல்லை தாண்டிப் பக்கத்துத் துகளுக்குள் போய்ப் பின்னிக்கொள்கின்றன. எல்லையே இல்லை என்றால் ஒளி எங்கே சிதறும்? வெண்மை போய்விடுகிறது, பெயின்ட்டுக்கு நிறம் தரும் தூளான நிறமியின் அசல் நிறம் வெளியே வருகிறது.

கறந்த பால் மடி புகாது. பின்னிய சங்கிலிகளைத் தண்ணீரால் பிரிக்க முடியாது. கழுவ மறந்த பிரஷ் கட்டையாகிப் போவதும் இதனால்தான். குளிரில் கதை வேறு. சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே துகள்கள் இறுகி, சரியாக ஒட்டாமல் பூச்சு வெடிக்கலாம்.

பெயின்ட்டை ஊற்றி வரையும் அரூபப் படங்களில், காய்வதற்கு முன்பே இன்னொரு மாற்றம் நடந்துவிடுகிறது. கறுப்பின் மேல் வெள்ளையை ஊற்றிப் பாருங்கள். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நீரைவிடச் சுமார் 4 மடங்கு அடர்த்தியானது. கனமானது மேலே நிலைக்காது. வெள்ளை இறங்க, கறுப்பு மேலெழும்பி வட்ட வட்டமாக விரிகிறது. 1936இல் நியூயார்க்கில் மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் அரக்குவகைப் பெயின்ட்டில் தற்செயலாகக் கண்டு வியந்தது இதைத்தான். அதன் பின்னாலிருக்கும் இயற்பியலை மெக்சிகோ ஆய்வாளர்கள் 2015இல் பரிசோதனை செய்து விளக்கினார்கள். பெயின்ட் கெட்டியாகிற கணத்தில் வட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அப்படியே உறைந்துவிடும்.

சரி, காய்ந்ததும் எல்லாம் முடிந்ததா? இல்லை. நம் ஊர் வெயிலில் அந்தப் படலம் கொஞ்சம் இளகியே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிலிக்கோன் பூசிய தாள் ஒன்றை வையுங்கள்.