மூன்றாவது வரிசை இருக்கையும் காரின் தரையும்

ஏழெட்டுப் பேர் அமரக்கூடிய கார் ஒன்றைக் குடும்பத்துக்காக வாங்க நினைப்பவர்கள், அதன் தரை எங்கே தாழ்கிறது, எங்கே உயர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்லைடிங் கதவுகளும் பெட்டி போன்ற உடலும் கொண்ட மினிவேனும், காரின் அடித்தளத்தில் எஸ்யூவி போன்ற தோற்றத்துடன் உருவாகும் கிராஸ்ஓவரும் வேறுபடுவது அங்கேதான்.

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1984ஆம் ஆண்டு மாடல்களாகக் கொண்டுவந்த டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் ஆகிய மினிவேன்களில் எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டு, முன்சக்கரங்களே இயக்கப்பட்டன. அந்நாட்டின் பெரிய வேன்களில் இருந்ததுபோல் எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லத் தரைக்கடியில் ஓடும் நீண்ட ஷாஃப்ட் இவற்றுக்குத் தேவைப்படாததால் தரையைத் தாழ்த்த முடிந்தது. வீட்டுக் கார் ஷெட்டுக்குள் நுழையும் உயரத்திலேயே தாராளமான உள்ளிடமும் கிடைத்தது.

இன்றைய கிராஸ்ஓவர்களும் பெரும்பாலும் இதே முன்சக்கர இயக்க அமைப்பிலிருந்து பிறந்தவையே. ஆயினும் உள்ளிடம் எப்படி மாறுகிறது என்பதற்கு, ஒரே பிளாட்ஃபார்மின்மீது (வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பின்மீது) டொயோட்டா உருவாக்கிய 2021 சியன்னா மினிவேனும் ஹைலேண்டர் கிராஸ்ஓவரும் நல்ல சான்று. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சியன்னாவில் ஏறத்தாழ 950 லிட்டர் கொள்ளளவு இருக்க, ஹைலேண்டரில் 450 லிட்டர் அளவே இருக்கிறது; நீளத்தில் சியன்னா 22 சென்டிமீட்டர் மட்டுமே அதிகம். சியன்னாவின் வால்பகுதியில் தரை ஆழமான குழியாக இறங்குகிறது. இருக்கையை மடித்தால் அது குழிக்குள் அமிழ்ந்துவிடுகிறது. நிமிர்த்தினால் அதே குழி பெட்டிகளுக்கு இடமாகிறது. கிராஸ்ஓவரில் அத்தகைய குழி இல்லாததால், மடித்த இருக்கை தரைமட்டத்திலேயே தங்கிவிடுகிறது. பின்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்காகத் தரை உயர்ந்தும் கூரை சரிந்தும் இருப்பதால் மூன்றாவது வரிசையில் அமரும் பெரியவர்கள் முழங்காலை உயர்த்தி உட்கார நேர்கிறது.

தாழ்ந்த தரைக்கு இன்னொரு பயனும் உண்டு: வண்டியின் புவியீர்ப்பு மையமும் தாழ்கிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு வண்டி கவிழ்வது கடினம். அமெரிக்காவில் 2012 மாடல்கள் முதல் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு (வண்டி சறுக்கும்போது தேவையான சக்கரத்துக்குத் தானாகவே பிரேக் போடும் அமைப்பு) கவிழும் அபாயத்தைப் பெரிதும் குறைத்திருந்தாலும், இந்த இயற்பியல் மாறுவதில்லை.

கிராஸ்ஓவரின் நியாயமான பலம் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது சாலைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி: சியன்னாவுக்கு 16 சென்டிமீட்டர், ஹைலேண்டருக்கு 20. பனியிலும் கரடுமுரடான பாதையிலும் அது பயன்படும். ஆனால், எரிபொருளில் கிராஸ்ஓவருக்கு ஆதாயம் இல்லை. 2021 மாடல்களின் முன்சக்கர இயக்க ஹைபிரிட் (பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும்) வகையில் இரண்டுக்குமே அமெரிக்க அரசு மதிப்பீடு லிட்டருக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான்.

மினிவேனின் பெட்டி போன்ற தோற்றத்தைப் பலர் விரும்புவதில்லை. ஸ்லைடிங் கதவு பின்னோக்கி நகர, பின் ஜன்னலுக்குக் கீழே ஒரு தண்டவாளம் நேராக ஓட வேண்டும். அதனால் வடிவமைப்பாளர்கள் அந்தப் பக்கவாட்டை விரும்பியபடி வளைக்க முடிவதில்லை. நெருக்கமான நிறுத்துமிடத்தில், தூங்கும் குழந்தையைப் பக்கத்துக் காரில் கதவு இடிக்காமல் தூக்கி எடுக்க வழிசெய்வதும் அதே தண்டவாளம்தான்.