ஆண்ட்ராய்டு திறந்த மூலம்தான், ஆனால் எதுவரை?

ஆண்ட்ராய்டின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் இறக்கித் தொகுக்கலாம். ஆனால் அதை அப்படியே உங்கள் போனில் ஏற்றினால் பெரும்பாலும் ஓடாது. அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் மையநிரல். அதன் ஜிபிஎல் உரிமப்படி, போன் விற்கிற கம்பெனி தான் மாற்றிய கெர்னல் நிரலைக் கேட்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். மேலே உள்ள ஆண்ட்ராய்டுக்கு அப்பாச்சி உரிமம்; அதில் அந்தக் கட்டாயம் இல்லை. கேமரா, கிராபிக்ஸ், மோடம் ஆகியவற்றை இயக்கும் கோப்புகளோ மூலநிரல் இல்லாமல் வெறும் பைனரியாகவே வருகின்றன. இவற்றை 'பிளாப்' என்பார்கள்.

ஆண்ட்ராய்டின் மூலநிரலை வைத்து உருவான மாற்று மென்பொருளான சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டதும் அதன் வாரிசாக வந்த லீனியேஜ் ஓஎஸ்ஸும் பிளாப்களைத் தானே எழுதுவதில்லை. கம்பெனி மென்பொருளிலிருந்து உருவிக்கொள்கிறது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 இவற்றை 'வெண்டார்' என்ற தனிப் பகுதியில் ஒதுக்கியது. அதன்பின் மேல்தளத்தை மட்டும் மாற்றுவது எளிதானது.

லீனியேஜ் ஓஎஸ்ஸைப் போனில் ஏற்றும் முறை இது. செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்குங்கள். பிறகு போனை, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய்க் கணினியிலிருந்து பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆனதும் மென்பொருளைச் சரிபார்த்துத் தொடங்கும் நிரலை, திறக்க வேண்டும். (திறக்கவே விடாத கம்பெனிகளும் உண்டு.) அப்போது போனில் உள்ள எல்லாமே அழியும். இல்லாவிட்டால் திருடியவன் தன் மென்பொருளை ஏற்றி உங்கள் படங்களைப் பார்த்துவிடுவானே!

அடுத்து ரெக்கவரியை (மென்பொருளை மாற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றி, டேட்டாவை ஃபார்மேட் செய்து, லீனியேஜின் ஜிப் கோப்பை சைட்லோடு செய்யுங்கள், அதாவது கணினியிலிருந்து போனுக்கு அனுப்பி ஏற்றுங்கள். ஃபார்மேட்டை மறந்தால் பழைய குறியாக்கத்தில் சிக்கி, போன் லோகோவிலேயே நிற்கும். சைட்லோடு சில சமயம் 47 சதவீதத்தில் நின்று, 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்ஸஸ்' என்று சொல்லும். தோற்றதா, ஜெயித்ததா என்று குழம்பவேண்டாம். வேலை முடிந்துவிட்டது என்று பொருள். கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் போன் புது மென்பொருளில் முதல்முறை பூட் ஆவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

நம் ஊரில் முதலில் பார்க்கவேண்டியது வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. வோல்ட்டி வேலை செய்யாவிட்டால் நெட் வரும், கால் வராது. அதை இயக்கும் பகுதியும் பெரும்பாலும் பிளாப்தான். ஆகவே உங்கள் மாடலுக்கான குறிப்பை ஏற்றுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சில வங்கி, யுபிஐ ஆப்கள் திறந்த பூட்லோடரைக் கண்டால் ஓட மறுக்கும். பல போன்களில் ஓடிடி படங்களுக்கான காப்புப் பூட்டான வைட்வைனின் தரம் எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கி, ஓடிடி படம் மங்கலாகத் தெரியும்.

இதற்குப் பயந்து பூட்லோடரை மறுபடி பூட்டிவிடாதீர்கள். பூட்டிய போன், மென்பொருளில் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பத்தைத்தான் தேடும். லீனியேஜில் அது இருக்காது. பிக்சல் போன்ற சில போன்கள்தான் வேறு கையொப்பத்தையும் ஏற்கும். மற்றவை பூட் ஆகாமல் செங்கல்லாகிவிடக்கூடும்.