பிரஷர் பார்ப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

எங்கள் கிளினிக்கில் சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது. பிரஷர் பார்க்க வருகிறவர்கள் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் கையில் பட்டை சுற்றுவோம். செல்போன் சிஸ்டரிடம் போய்விடும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது, பேச்சும் கூடாது. இது நாங்களாகப் போட்ட சட்டம் அல்ல. ரத்த அழுத்தத்தை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று மருத்துவப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் அதிகம் என்று நாங்கள்தான் விட்டுவிடுகிறோம்.

நானும் வருடக்கணக்கில் விட்டவன்தான். ஒருமுறை வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் வாசலில் சண்டை போட்டுவிட்டு, மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவருக்கு உடனே பார்த்தேன். 164/98. மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று வந்தார். உட்காரவைத்துப் பார்த்தால் 104/66. அன்று நான் அளந்தது அவருடைய சண்டையை. மறுநாள் பெஞ்சு வாங்கிப் போட்டேன்.

பரபரப்பில் இருக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அளக்கும்போது பேசிக்கொண்டிருந்தாலே மேல் எண் பத்துப் புள்ளி வரை ஏறலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஸ்டெதாஸ்கோப் வைத்து பிரஷர் பார்க்கும் முறையை 1905இல் சொன்னவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர். ரத்தம் தடையின்றி ஓடும்போது குழாயில் சத்தமே கேட்காது. பட்டையை இறுக்கி, மெல்லத் தளர்த்தும்போது முதல் 'டப்' கேட்கும் இடம் மேல் எண். சத்தம் முழுவதும் அடங்கும் இடம் கீழ் எண். நோயாளி, சிஸ்டர், நான் என்று மூன்று பேரும் வாயை மூடினால்தான் அது சரியாகக் காதில் விழும்.

பெஞ்சு போட்ட புதிதில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அஞ்சு நிமிஷம் என்ன டாக்டர் பண்றது?" சும்மா இருங்கள் என்றால் சிரிப்பார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா, அதிகாலை நாலரைக்கு எழுந்து சமையல், பள்ளி வேன், மாமியாரின் மருந்து என்று ஓடுகிறவர். கடைசியாக எப்போது சும்மா உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன மாசம் கரண்ட் போனப்ப."

அவருக்குச் சொன்னது இதுதான். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக விடுங்கள். மூச்சை விடும்போது நாடி சற்று மெதுவாவது பலருக்கு விரலிலேயே தெரியும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை அது. இதற்கென்று தனி அறையோ பாயோ வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும் முன் அந்த இரண்டு நிமிடம்கூடப் போதும். செல்போனை நோண்டிக்கொண்டு உட்காருவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. உடம்பு உட்கார்ந்திருக்கும், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அமைதியாக உட்கார்ந்த பிறகும் தொடர்ந்து 140/90க்கு மேல் காட்டினால் அது பரபரப்பு அல்ல, நோய். நெஞ்சுவலி இருந்தால் உட்கார்ந்து மூச்சு பழகாமல் ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிடுங்கள். சிலருக்குச் சும்மா உட்கார்ந்தாலே பயமும் படபடப்பும் கூடும். அவர்கள் வற்புறுத்தி உட்கார வேண்டியதில்லை, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா இரண்டு மாதம் கழித்து வந்தார். கேட்காமலே போனை சிஸ்டரிடம் நீட்டினார். வீட்டில் எப்போது உட்காருகிறீர்கள் என்றேன். "மோட்டார் போட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவேன் டாக்டர். டேங்க் நிறையற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் காதுல விழாது." இரண்டு முறை தண்ணீர் வழிந்து ஓடி, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினாராம்.