பொரிக்க வேண்டிய தோலை ஏன் வேகவைக்கிறார்கள்?

பிலிப்பைன்ஸில் பெரிய விருந்தென்றால் லெச்சோன் இருக்கும். முழுப் பன்றியைக் கரி நெருப்பின் மேல் மணிக்கணக்காகச் சுழற்றிச் சுடுவார்கள். வீட்டு அடுப்பில் அது நடக்காது. அதனால் பன்றியின் வயிற்றுப் பகுதியை மட்டும் வாங்கி வாணலியில் பொரிக்கிறார்கள். இதுதான் லெச்சோன் கவாலி. உள்ளே கறி மெத்தென்று இருக்க வேண்டும், மேலே தோல் நொறுங்க வேண்டும்.

அப்படி நொறுங்க வேண்டிய தோலை உப்பு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்ட தண்ணீரில் முதலில் ஒரு மணி நேரம் போல வேகவைக்கிறார்கள். நேரே எண்ணெயில் போட்டால் என்ன?

தோலில் தண்ணீர் போக மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சுருங்கும். பச்சையாகவே எண்ணெயில் விழுந்தால் சுருங்கிக் காய்ந்து, பல்லுக்கு அடங்காமல் போய்விடும். ஈரத்தில் நெடுநேரம் வெந்தால்தான் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறும். கத்தி முனை தோலில் தடையில்லாமல் இறங்கினால் போதும், நிறுத்திவிடலாம்.

அப்புறம் உலர்த்துவது. துண்டைத் துடைத்து, தோலில் முள்கரண்டியால் குத்தி, உப்புத் தடவி, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் பாதிச் சமையல் இதிலேயே இருக்கிறது. ஈரம் மிகுந்திருந்தால் எண்ணெயின் சூடு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், தோல் 100 டிகிரியைத் தாண்டாது. போதாக்குறைக்கு, எண்ணெயைவிட அடர்த்தியான நீர்த்துளி கீழே இறங்கி, சட்டென்று ஆவியாகி, கொதிக்கும் எண்ணெயை மேலே வாரியடிக்கும். அதற்காகச் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்தாலும் வேலைக்கு ஆகாது. தோலை உப்ப வைப்பதே மிஞ்சிய ஈரம்தான்.

180 டிகிரியை ஒட்டிய எண்ணெயில் உலர்ந்த ஜெலட்டின் இளகுகிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியப் பார்க்கிறது. இளகிய ஜெலட்டின் அந்த அழுத்தத்தில் குமிழ் குமிழாக உப்புகிறது. நீர் வெளியேறியதும் குமிழ்ச் சுவர்கள் அதே வடிவில் விறைத்துவிடுகின்றன. ஜவ்வரிசி வடகம் பொரிவதும் இதே கணக்குதான், அங்கே மாவுச்சத்து, இங்கே புரதம். வேகும்போது வெளிறிக் கிடந்த தோலுக்கு நிறமும் மணமும் வருவது இந்தச் சூட்டில்தான். புரதமும் சர்க்கரையும் சேரும் மெய்லார்ட் வினை கொதிநீரில் வேகம் பிடிக்காது.

நாட்டின் வடக்கே இலோகோஸ் பகுதியில், இதே பன்றி வயிற்றுக் கறியில் செய்யும் பாக்னெட்டை இரண்டு முறை பொரிப்பார்கள். முதல் சுற்றில் கொழுப்பும் ஈரமும் இறங்கும், இரண்டாவதில் தோல் உப்பும்.

இந்த மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்காது. கறியிலிருந்தும் காற்றிலிருந்தும் ஜெலட்டின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூட்டோடு மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் நமத்துவிடும். மறுநாள் மிஞ்சியதை வினிகரும் ஈரல் சாஸும் விட்டுக் கொதிக்கவைத்து பாக்சிவ் ஆக்கிவிடுவது அங்கே வழக்கம். தோல் கொழகொழவென்று ஆகிவிடும். அதற்கென்றே லெச்சோனை மிச்சம் வைப்பவர்களும் உண்டு.