டெவலப்மென்ட் சர்வர் எடுக்கப் போகிறீர்களா? வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் எடைச்சீட்டு, பணப் பட்டுவாடா மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பெங்களூரா மாங்காய் லோடு வரத் தொடங்கிவிட்டால் ஆலைக்காரர்களுக்கும் தூக்கம் இல்லை, எங்களுக்கும் இல்லை. அதனால் புதிதாக எழுதுவதையெல்லாம் சீசனுக்கு முன்பே, இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சோதனை சர்வரில் (டெவலப்மென்ட் சர்வர் என்பது இதுதான்) போட்டு ஓட்டிப் பார்த்துவிடுவோம். அந்த சர்வரை எங்கே எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்று கேட்டு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள்.

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். "அண்ணா, கோடுல என்ன தப்புன்னே தெரியல, பில்ட் பாதியில நின்னுடுது" என்றார். எழுதிய கோடை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுப்பதுதான் பில்ட். டெர்மினலின் கடைசி வரியில் ‘கில்டு’ என்று ஒரே ஒரு சொல். வேறு எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தோம். ரேம் தீர்ந்துபோய், லினக்ஸே அந்த ப்ராசஸைக் கொன்றிருந்தது. அவர் எடுத்திருந்தது 1 ஜிபி ரேம் உள்ள சர்வர். மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் சும்மா உட்கார்ந்திருக்கவே அதில் 400 எம்பி வாக்கில் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ரியாக்ட் (வலைப்பக்கத் திரைகள் எழுதும் கருவி) பில்ட் எப்படி ஓடும்? கோடில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரமாகத் தன்னையே நொந்துகொண்டிருந்திருக்கிறார், பாவம்.

அவசரத்துக்கு, டிஸ்க்கில் ஓர் இடத்தை ரேம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப் ஃபைல் ஒன்றை 2 ஜிபிக்குப் போட்டோம். பில்ட் முடிந்தது, ஆனால் ஆமை வேகம். சந்தேகப்பட்டு ‘டாப்’ கட்டளையை ஓட்டி, மேலே ப்ராசஸர் வரியில் கடைசியாக வரும் ‘எஸ்டி’ எண்ணைப் பார்த்தேன். 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது. நம் சர்வர் ப்ராசஸருக்காகக் காத்திருக்கும்போது, அந்த நேரத்தை அதே பெட்டியில் இருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஷேர் ஆட்டோவில் அடைப்பதுபோல ஒரே இயந்திரத்தில் ஆள் ஏற்றியிருக்கிறார்கள். எப்போதாவது எகிறி இறங்கினால் விட்டுவிடலாம். நாள் முழுக்க இரட்டை இலக்கத்திலேயே நின்றால் அந்த இடம் வேண்டாம். விலைப் பட்டியலில் எந்த நிறுவனமும் இதைப் போடாது, எடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பியால் உடனே வெளியே வரவும் முடியவில்லை. மூன்று ஆண்டுக்கான பணத்தை முன்னாலேயே கட்டியிருந்தார். விளம்பரத்தில் பெரிதாக இருந்த மாத விலை, மூன்று ஆண்டையும் சேர்த்துக் கட்டினால் மட்டும் கிடைப்பது. புதுப்பிக்கும்போது வேறு விலை, அது கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சோதனை சர்வருக்கு மணிக்கணக்கில் பில் போடும் இடமே சரி என்பது என் கருத்து. 2 ஜிபி ரேம் உள்ள சர்வர் பல இடங்களில் மாதம் 10 முதல் 12 டாலருக்குக் கிடைக்கிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் டாலர் மாற்றத்துக்கு வங்கி பிடிப்பது. இதையெல்லாம் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் தனிக் கெர்னல் தரும் கேவிஎம் வகைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கெர்னலைப் பொதுவில் வைத்திருக்கும் பழைய ஓபன்விஇசட் வகையில் டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் கருவி) தகராறு செய்யும்.

ராத்திரி ஆஃப் செய்துவிட்டால் காசு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் ஆஃப் செய்து வைத்தாலும் முழு வாடகை ஓடும், ஏனென்றால் டிஸ்க்கும் ஐபி முகவரியும் உங்கள் பேரில்தான் இருக்கின்றன. அமேசானின் கிளவுட் சேவையில் நிறுத்தினால் ப்ராசஸர் காசு நிற்கும், டிஸ்க் காசு நிற்காது. பொது ஐபிவி4 (வழக்கமான ஐபி வகை) முகவரிக்கும் அங்கே 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். பொதுவாக, ஸ்னாப்ஷாட் (சர்வரின் அப்போதைய முழு நகல்) எடுத்துவிட்டு சர்வரையே அழித்தால்தான் வாடகை நிற்கும். அப்போதும் ஸ்னாப்ஷாட்டுக்குக் கொஞ்சம் போகும்.

இடம் பற்றியும் கேட்பார்கள். பெங்களூரு நமக்கு 90 கிலோமீட்டர்தான், அங்கே டேட்டா சென்டர்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் இணைய நிறுவனம் சென்னையையோ மும்பையையோ சுற்றிக்கொண்டு போகலாம், அதனால் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளையைப் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக சர்வரிலேயே உட்கார்ந்து கோடு எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் போய்த் திரும்பி வர வேண்டும். ஐரோப்பா சர்வர் என்றால் விரலுக்கும் திரைக்கும் இடையில் அந்தத் தாமதம் உறுத்தும். ராத்திரி பில்ட் ஓட்ட மட்டும் என்றால் ஜெர்மனியில் மலிவாகக் கிடைப்பதைத் தாராளமாக எடுக்கலாம்.

இனி சொல்லப்போவது என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலைக்கான சோதனை சர்வரில் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸை டாக்கரில் ஓட்டினேன், பாஸ்வேர்டு வைக்கவில்லை. யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் அதன் போர்ட்டை (வெளியிலிருந்து நுழையும் வாசலை) மூடித்தான் வைத்திருந்தேன். வெளியே காட்டச் சொன்ன போர்ட்டுக்கு டாக்கர் தானே விதி எழுதி அந்த ஃபயர்வாலைத் தாண்டிவிடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் பார்த்தால் டேட்டாபேஸ் காலி. உள்ளே ஒரே ஒரு குறிப்பு: பிட்காயின் அனுப்பினால் தரவு திரும்பக் கிடைக்கும். சோதனைக்காக ஆலையின் உண்மையான பட்டியலையே அதில் ஏற்றியிருந்தேன். விவசாயிகளின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம். மூல நகல் பத்திரமாக இருந்ததால் ஆலை வேலை நிற்கவில்லை. ஆனால் யார் கையிலோ போன அந்த எண்களை எப்படித் திரும்ப வாங்குவது? முதலாளியை நேரில் பார்த்துச் சொன்னேன். விவசாயிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வங்கியிலிருந்து என்று யார் பேசினாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று எச்சரித்தோம். அந்தக் குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன.

அதிலிருந்து சோதனை சர்வரில் உண்மைத் தரவு ஒரு வரிகூட ஏறுவதில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவர்கள் நம்பிக் கொடுத்த எண். போர்ட்டை 127.0.0.1-இல், அதாவது அந்த சர்வருக்குள் மட்டும் திறக்கிறேன். சர்வருக்கு வெளியிலேயே தடுக்கும் ஃபயர்வாலை இலவசமாகத் தரும் நிறுவனமாகப் பார்த்து எடுக்கிறேன், அதை டாக்கரால் தாண்ட முடியாது. எஸ்எஸ்ஹெச்சுக்கு பாஸ்வேர்டு கிடையாது, சாவிக் கோப்பு மட்டும்தான்.

அன்றைக்கு அந்த சர்வரை அழித்துப் புதிதாக எழுப்ப எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. எல்லாவற்றையும் கையால் நிறுவியிருந்தேன், எதை எப்போது மாற்றினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது நிறுவும் வேலை முழுவதும் ஸ்கிரிப்டாக, அதாவது ஒரே தடவையில் ஓடும் கட்டளைத் தொகுப்பாக, ‘கிட்’டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறது. இதைச் செய்துவிட்டால் எந்த நிறுவனத்திடமும் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். பிடிக்கவில்லையா, இங்கே அழித்துவிட்டு அங்கே எழுப்பலாம். மலிவான சர்வரைத் தைரியமாக எடுக்கலாம் என்றால் அது இந்த ஒரு வசதி இருப்பவர்களுக்குத்தான்.

தம்பியிடமும் முதலில் ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னேன். நான்கு நாள் ஆனது. பிறகு மணிக்கணக்கு பில் உள்ள ஓர் இடத்தில் 2 ஜிபி சர்வர் எடுத்து, என் மேசையில் உட்கார்ந்தே ஓட்டினார். 11 நிமிடத்தில் எல்லாம் எழுந்து நின்றது. உடனே அதை அழித்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். கொஞ்சம் தயங்கித்தான் அழித்தார். மூன்று ஆண்டுக்குக் கட்டிய அந்தப் பழைய சர்வரில் இப்போது ராத்திரி பேக்கப் மட்டும் போய் விழுகிறது.