பிரிட்ஜில் வைத்த சீன அரிசி வில்லை ஏன் கல்லாகிறது?

"சீன அரிசி கேக் பாக்கெட் ஒன்று வாங்கினேன். பிரித்தால் பிளாஸ்டிக் வில்லை மாதிரி இருந்தது. காய்கறியோடு வதக்கியதும் மெத்தென்று ஆனது. மிச்சத்தை பிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் பழையபடி கல். இதில் என்னதான் கலக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பயப்பட எதுவும் இல்லை. அது அரிசியும் தண்ணீரும்தான். பாக்கெட்டில் விற்பதில் கொஞ்சம் உப்போ, கெடாமல் இருக்க ஏதாவதோ சேர்ந்திருக்கலாம். சீனத்தில் இதற்கு நியன் காவ் என்று பெயர். வதக்கிச் சாப்பிடும் இந்த வெள்ளை வகை ஷாங்காய், நிங்போ பக்கத்துச் சமையல். குட்டையான, உருண்டை அரிசியை ஊறவைத்து அரைத்து, நீரைப் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, இடித்துக் கட்டியாக்குவார்கள். ஆறியதும் நீள்வட்ட வில்லைகளாக நறுக்குவார்கள்.

ஆக, வாங்கும்போதே அது வெந்த பொருள். பிறகு எப்படி இறுகியது?

காய்ந்துபோனதால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852இல் ரொட்டியை வைத்து இதைச் சோதித்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடிவைத்த ரொட்டியும் இறுகியது. திரும்பச் சூடாக்கியதும் இளகியது. அப்படியானால் தண்ணீர் எங்கும் போகவில்லை, உள்ளே அமைப்புதான் மாறுகிறது.

மாவுச்சத்தில் இரண்டு மூலக்கூறுகள் உண்டு. அமைலோஸ் நீண்ட நூல். அமைலோபெக்டின் கிளைகள் அடர்ந்த மரம். வேகும்போது கிளைகள் அவிழ்ந்து நீரில் விரிகின்றன. ஆறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி. பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, டிஎன்ஏ போலவே இரட்டைச் சுருளாக முறுக்கிக்கொள்கின்றன. அந்தச் சுருள்கள் வரிசைகட்டி நின்று நுண்ணிய படிகங்களாகின்றன. நீரில் ஒரு பகுதி அந்தப் படிகங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, 4 டிகிரி செல்சியஸ் வாக்கில், இந்த வேலை வெகு வேகமாக நடக்கும். பிரிட்ஜின் வெப்பநிலையும் அதுதான்!

அழகு என்னவென்றால், அமைலோபெக்டின் படிகம் 60 டிகிரி வாக்கிலேயே அவிழ்ந்துவிடும். அமைலோஸ் படிகம் அப்படியில்லை, அதற்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். அமைலோஸ் குறைந்த உருண்டை அரிசி இந்தப் பலகாரத்துக்குப் பொருந்துவது அதனால்தான். அமைலோஸ் மிகுந்த நீள அரிசியில் செய்தால், திரும்பச் சூடாக்கினாலும் அந்த மென்மை வராது.

சரி, அடுப்புக்கு வருவோம். சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். வெறும் எண்ணெயில் வதக்கினால் மேல்பக்கம் காய்ந்து பொருக்காகும், நடுவே கல் இருக்கும். சீன முட்டைகோஸில் சுமார் 95 சதவீதம் நீர். ஊறிய காளானோடு அதை முதலில் வதக்கி, வில்லைகளை மேலே பரப்பி, கால் கப் தண்ணீர் தெளித்து, 3 நிமிடம் மூடிவையுங்கள். மூடியைத் திறந்ததும் ஒரு வில்லையைக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளை போய்ப் பளபளப்பு வந்திருக்கும், ஓரம் தொங்கும். படிகம் அவிழ்ந்ததற்கு அதுவே அடையாளம். அப்புறம் சோயா சாஸ் ஊற்றி ஒரு புரட்டு.

2017இல் 'பிளாஸ்டிக் அரிசி' வதந்தி நம் நாட்டில் பரவியபோது, மக்கள் சோற்றை உருட்டித் தரையில் அடித்துப் பார்த்தார்கள். எனக்கு அது உண்மையிலேயே வேதனையாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த அயோடின் சொட்டு போதுமே! மாவுச்சத்து என்றால் கருநீலமாகும். சோறு ஏன் இறுகுகிறது, எந்த அரிசி எப்படி வேகிறது என்ற ஆராய்ச்சிக்கும் விளைச்சல் ஆராய்ச்சிக்குத் தரும் அக்கறையோடு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தினமும் நாம் தட்டில் பார்க்கும் அறிவியல் அது.

வாசகரின் மிச்சத்துக்கு வழி உண்டு. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிளைகளால் நகர முடியாது, இறுக்கம் நின்றுவிடும். ஏற்கெனவே கல்லாகிவிட்டதா? ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, ஆவி நன்றாக வரும்வரை சூடாக்கினால் நேற்றைய மென்மை கிட்டத்தட்ட அப்படியே திரும்பிவிடும்.